ஆயுத பூசையன்று எடுத்த சுத்தியல்

அண்ணே,

காலையில் இவர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சைலன்சர் குழாயின் நட்டில் மண்ணெண்ணெய் விட்டார். சூடு ஆறாத இரும்பில் பட்டதும் குப்பென்று வாடை எழுந்தது. அடுப்படியில் பொரியும் கடலையும் கலந்துகொண்டிருந்த எனக்கு வலது பெருவிரல் விண்ணென்று தெறித்தது. இன்றைக்கு ஆயுத பூசை. நீ இல்லாமல் வருகிற முதல் பூசை.

உன்னைப் போல ஒரு கோபக்காரனை நான் பார்த்ததில்லை. வாய்க்கால் தகராறில் வீசிய அரிவாளை வெறுங்கையால் பிடித்தவன் நீ; இடக்கை விரல்கள் அன்றோடு மடங்காமல் போயின. என் கல்யாணப் பந்தியில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் உப்பில்லை என்று இலையைத் தள்ளியதற்கு, சாம்பார் வாளியை அவர் தலையில் கவிழ்த்தாய். பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அதன் பலனை அனுபவித்தது நீயில்லை. தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்கு அனுப்பமாட்டோம் என்று இவர் ஊரான கீரமங்கலத்திலேயே என்னை நிறுத்திக்கொண்டார்கள். எட்டாம் மாதத்தில் வலி வந்தது. வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட எவரும் எழுந்து வரவில்லை. பையன் செத்தே பிறந்தான். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

மறுபடி உண்டாகி ஏழு மாதம் முடிகிற நேரத்தில் அரிமளத்திலிருந்து என்னை அழைத்துப்போக நீ வந்து நின்றாய். அன்றைக்கு ஆயுத பூசை; விடிந்தால் விஜயதசமி, அதற்கு அடுத்த நாள் எட்டாம் மாதம் பிறக்கிறது. எட்டில் பிள்ளைத்தாய்ச்சியை எந்த வீட்டிலும் அனுப்பமாட்டார்கள். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் இரண்டாவதும் அதே அறையில், அதே பாயில்தான். எனக்கு இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிடக்கிற பயம்.

"மனுசன் மேல கை வைக்க மாட்டேன்னு ஆத்தா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன், பயப்படாத" என்று என் காதில் சொன்னாய். நல்ல பிள்ளையாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். இவர் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்த மோட்டார் சைக்கிளைப் பூசைக்காகக் கழுவிக்கொண்டிருந்தார். சைலன்சர் குழாய் ஆடுகிறதே என்று உதவி செய்யப் போனாய். மாட்டுவண்டி அச்சை முறுக்குகிற முறுக்கு முறுக்கினாய். டணக்கென்று ஒரு சத்தம். குழாயை என்ஜினோடு பிடித்து நிறுத்துகிற ஸ்டட் முறிந்து, பாதித் துண்டு ஓட்டைக்குள்ளேயே இறுகிக்கொண்டது. வெளியே பிடிக்க நுனிகூட இல்லை.

இவருக்கு முகம் கறுத்துவிட்டது. என்ஜினின் தலைப்பாகத்தைக் கழற்றி முற்றத்தில் உன் காலடியில் போட்டார்.

"அந்தத் துண்டு வெளிய வரட்டும், அப்பறம் ஒங்க தங்கச்சி வெளிய வரட்டும். இன்னைக்கு வரலன்னா பிள்ளைய இங்கனயே பெத்துக்கட்டும்."

அதற்குள் மாமியார் சுத்தியல், உளி, ஸ்பானர் எல்லாவற்றையும் அள்ளிப் படத்துக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டார். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூசை முடியாமல் எவனும் தொடமாட்டான். இவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். நீ படத்துக்கு முன்னால் போய் அப்படியே நின்றாய். இன்னொரு வீட்டுச் சாமிக்கு முன்னால் இருப்பதை நீ எப்படி எடுப்பாய்?

நான் எடுத்தேன். சந்தனத்தோடும் பூவோடும் சுத்தியலையும் உளியையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன்.

"வயித்துப் பிள்ளையோட பூசை இரும்பத் தொடுறியே, நீ வெளங்குவியாடி?" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார்.

"வெளங்கத்தான் தொடுறேன்" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த வாய் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். பிறகு அந்த வார்ப்பிரும்புத் தலைப்பாகத்தைக் கரியடுப்பில் வைத்து, நீ விசிறி விசிறிச் சிவக்கிற பதத்துக்குக் காய்ச்சினாய். முறிந்த துண்டின் ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து இடப்பக்கமாக அடித்தால், அது சுற்றிக்கொண்டு வெளியே வரும். சொல்ல எளிது. உன் இடக்கையால் உளியைப் பிடிக்க முடியாது. அந்த வீட்டில் வேறு எவரும் அதைத் தொடமாட்டார்கள். நான் மண்டியிட்டுப் பிடித்தேன். நீ அடித்தாய்.

என்ன அடி அண்ணே அது! ஒவ்வொன்றும் என் முழங்கை வழியாக ஏறி வயிற்றில் போய் இடித்தது. உள்ளே பிள்ளை துள்ளியது. இவர் தூணில் சாய்ந்துகொண்டு ஏசினார். "வாளி கவுத்துற கைக்கு வேல தெரியுமாக்கும்" என்றார், நீ அடித்தாய். "ஊருக்குள்ள அரிவாள்ல வெட்டு வாங்குன ஆளு" என்றார். இன்னும் ஓங்கி அடித்தாய். மனிதன்மேல் இறங்க வேண்டியதையெல்லாம் அந்த இரும்புத் துண்டின்மேல் இறக்கினாய். துண்டு அசையவில்லை.

அப்போதுதான் இவர் அதைச் சொன்னார். "செத்த பிள்ளையப் பெத்த கை. அது பிடிச்ச உளியும் அப்படித்தான இருக்கும்."

உன் கண் இவர் பக்கம் திரும்பியது. சுத்தியல் என் பெருவிரலில் இறங்கியது.

நகம் பிளந்தது. சுடுகிற இரும்பில் ரத்தம் பட்டுச் சுர்ரென்றது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், நீ சுத்தியலை ஓங்கியபடி இவர் முன்னால் நிற்கிறாய். இவர் தூணோடு ஒட்டிப்போயிருந்தார். அந்தக் கை இறங்கியிருந்தால் எனக்குத் தாலியும் இல்லை, தாய்வீடும் இல்லை.

"அண்ணே, ஆத்தா மேல சத்தியம்!" என்று கத்தினேன். "அங்கிட்டுப் பாக்காத. உளியப் பாரு. இங்கிட்டு வந்து அடி."

முந்தானையைக் கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு, இடக்கையால் உளியைப் பிடித்தேன். நீ அழுதுகொண்டே வந்தாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "கைய எடுத்துக்கடா கண்ணு" என்றாய். எடுக்கமாட்டேன் என்றேன். அடித்தாய். கிரீச்சென்று ஒரு முனகல். துண்டு நகர்ந்தது. மயிரிழைதான், ஆனால் நகர்ந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, தலை நீட்டியதும் இடுக்கியால் பிடித்து உருவினாய்.

"காட்டுங்க பாப்போம்" என்று இவர் கையை நீட்டினார். ஊர் பார்க்கிறதே என்று வீறாப்பு. நீ சாவதானமாக நடந்துபோய் இடுக்கியிலிருந்த அந்தச் சூடு ஆறாத துண்டை இவர் உள்ளங்கை நடுவில் வைத்தாய்.

இவர் அலறிய அலறலை என்னவென்று சொல்ல.

"கை வைக்கலயே மாப்புள. கேட்டீங்க, குடுத்தேன்" என்றாய்.

அத்தனை பேர் பார்க்கத் துண்டு வந்துவிட்டது, இனி கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. மறுநாள் விடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள். அரிமளம் போகும்வரை வண்டியில் நீ என் விரலை உன் மடியில் வைத்துக்கொண்டே வந்தாய்.

இந்தப் பங்குனியில் வரப்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டாயாம். எவரும் உன்னை அடிக்கவில்லை, நீயும் எவரையும் அடிக்கவில்லை. உனக்கு அப்படி ஒரு சாவு வரும் என்று யார் நினைத்தார்கள்? வாய்க்கரிசி போட இவர் கையை விரித்தார். உள்ளங்கை நடுவில் அந்த வட்டத் தழும்பு. அரிசி அதன்மேல் கிடந்தது. போட்டுவிட்டு, அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் இவரை முழுக்க மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். உன்னிடம் எதற்குப் பொய்?

என் நகம் இன்னும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. காலையில் தலை பின்னிவிடும்போது, உன் மருமகள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது யாரும்மா செஞ்சது?"

"ஒன் மாமன்."

"மாமா எதுக்கும்மா ஒன்னய அடிச்சாக?"

"நீ உசுரோட வாரதுக்கு" என்றேன்.