இரண்டாம் மரத்தின் பலகை

2091 மார்ச் 7, புதன். காலை 6.20

இதைத் திறக்கிறவர்களுக்கு: எழுத்து ஏறியும் இறங்கியும் கிடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. நிலையத்துக் கணினி கற்றுக்கொடுத்து, நாற்பது நாளாகத்தான் எழுதுகிறேன். இதுவரை நான் வாயால் சொன்னதை அது பதிந்துகொண்டது. உப்புக்காற்றில் அதன் காது கெட்டுவிட்டது. இனி என் கைதான்.

நான் பேச்சிமுத்து. இந்தத் தீவுக்கு ஒரே காவலாள். வெப்பம் 31. ஈரப்பதம் 88. சாந்து மரம் மொட்டு விட்டிருக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் இந்த இனம் கிடையாது.

இன்று பேட்டரி மூடியைப் படித்தேன். "நனையாமல் வைக்கவும்." எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்கள்!

மார்ச் 8. காலை 9.15

தண்ணீர் டிரம்மை ஒரு பலகையால் மூடி வைத்திருந்தேன். திருப்பிப் பார்த்தால் எழுத்து. "மரம் 2. ஆண். இந்த இனத்தில் மிஞ்சிய ஒரே ஆண் மரம்."

மறுபடியும் எழுத்துக்கூட்டினேன். அதேதான்.

அந்த மரத்தைப் போன வருடம் நான்தான் வெட்டினேன், அதில் தொங்கிய பலகையைத்தான் டிரம்முக்கு மூடியாக்கினேன். பூத்தது, காய்க்கவில்லை. எங்கள் தோட்டத்தில் காய்க்காத ஆண் பப்பாளியை வெட்டிவிடுவோம், பக்கத்து மரத்துக்கு வெயில் கிடைக்கும். நல்லது செய்ததாக நினைத்தேன். சொல்லவேண்டிய செய்தியாகவே அது எனக்குப் படவில்லை.

மார்ச் 9. காலை 10.00

வானொலி. நாளுக்கு இரண்டு நிமிடம். கரையிலிருந்து டாக்டர் ரெஹானா. மொட்டு விட்ட பெண் மரம் அவருக்குப் பொண்ணு, ஆண் மரம் மாப்பிள்ளை.

"என்ன பெரியவரே, பொண்ணு பூத்தாச்சா?"

"இன்னைக்கு விரிஞ்சிட்டும்மா."

"மூணு நாள்தான் தாங்கும். மாப்பிள்ளை எப்படி? முறுக்கிக்கிட்டு நிக்கலியே?"

"நல்லா இருக்காரும்மா."

"அப்பாடா. இங்க உறைய வச்ச மகரந்தம் கடைசிக் குப்பி ஒண்ணு இருக்கு. அவசரம்னா ட்ரோன்ல அனுப்பலாம்னு வச்சிருந்தேன். இனி ஆராய்ச்சிக்குக் குடுத்துடறேன். நீங்க பூச்சியை விட்டு மாப்பிள்ளைகிட்ட எடுத்துடுங்க."

மாலை 4.40

மகரந்தம் எடுக்கிற இயந்திரப் பூச்சியை விட்டேன். மரம் நின்ற இடத்துக்குப் போனது. பூ இருந்த உயரத்தில் வெறும் காற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. காலில் ஒன்றும் ஒட்டாமல் திரும்பியது. துளிர் ஏதாவது இருக்குமா என்று அடிக்கட்டையைக் கிளறினேன். வேர் வரை கரையான்.

ஏன் பொய் சொன்னேன்? வேலை போய்விடும் என்று பயந்து இல்லை. அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். அந்தச் சிரிப்பை நிறுத்த மனம் வரவில்லை.

மார்ச் 10. காலை 10.00

எடுத்ததும் சொன்னேன். "மாப்பிள்ளை இல்லம்மா. போன வருசமே நான் வெட்டிப்போட்டேன். குப்பியை அனுப்பிவிடுங்க."

இரைச்சலுக்குள் அவர் யாரையோ விசாரிப்பது கேட்டது.

"நேத்து மத்தியானமே ஆராய்ச்சிக்கு உருக்கிட்டாங்க. இனி அது உதவாது."

பிறகு, "ஒரு நாள், பேச்சிமுத்து. ஒரே ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

நேரம் முடிந்தது.

மார்ச் 14, புதன். காலை 6.20

பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. கூட்டி அள்ளினேன். கூடை நிறைய.

நேற்று டாக்டர் சொன்னார்: "அது இன்னும் நூறு வருசம் இருக்கும். வருசா வருசம் பூக்கும். அளந்து எழுதுங்க."

வெப்பம் 30. உயரம் பதினொரு மீட்டர். இலை பளபளவென்று இருக்கிறது. பூச்சி அரிப்பு இல்லை. மரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

வருகிற புதன்கிழமையும் அளந்து எழுதுவேன்.