கதவைத் திறந்தவர் சொன்னது

ஜனவரி 14, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். மதியம் அக்கா டெனிஸ் ஃபோன் செய்தாள். ஆறேழு மாதமாக ஏதோ ஒரு வம்சாவளித் தளத்துக்குச் சந்தா கட்டி எங்கள் குடும்ப மரத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். பின்லாந்திலிருந்து யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று சொல்வாள், நான் ம் கொட்டுவேன். இன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

அப்பாவின் பாட்டி ஹில்மா நிஸ்கலா காசநோயில் செத்தாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தளம் டெனிஸுக்கு ஒரு குறிப்புக் காட்டியிருக்கிறது. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹில்மா நிஸ்கலா, மாநில மனநல மருத்துவமனையில் நோயாளி. ஒரேகானில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருத்தி அதே பெயருக்குக் கீழே ஓர் இறப்புச் சான்றிதழையும் ஒட்டி வைத்திருக்கிறாள். 1943. காரணம், ஹண்டிங்டன் நோய். டெனிஸ் இரண்டையும் அப்படியே எங்கள் மரத்தில் சேர்த்துவிட்டாள்.

"நீதான் படிச்சவ. அது என்ன வியாதிடீ?" என்றாள்.

தெரியாது என்றேன். தெரியும்.

ஜனவரி 15, திங்கள்

எழுதிவிடுகிறேன், எழுதினால் சின்னதாகும் என்று பார்க்கிறேன். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெரும்பாலும் நாற்பதை ஒட்டித் தொடங்கும். கைகால் தானாகத் துள்ளும், நடை ஆடும், காரணமில்லாமல் கோபம் வரும், புத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கலையும். குணப்படுத்த மருந்தில்லை. ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. ஹில்மா, அவள் மகன் ரெய்னோ, அவர் மகன் எங்கள் அப்பா, பிறகு நாங்கள்.

ரெய்னோ தாத்தா சுரங்கத்தில் செத்தபோது வயது முப்பத்தொன்பது. எதுவும் வெளியே தெரிவதற்கு முன்பே போய்விட்டார் என்று சொல்லலாம்.

அப்பா? கடைசி இரண்டு வருடம் சனிக்கிழமை சவுனாவில், எங்கள் நீராவிக் குளியலறையில், மேல் பலகைக்கு ஏறமாட்டார், கீழேயே இருந்துவிடுவார். சூப்புக் கிண்ணத்தைச் சுவரில் எறிந்த நாள் நினைவிருக்கிறது. உறைந்த ஏரியின் மேல் ஓட்டிப் போனபோது பனி உடைந்து வண்டியோடு மூழ்கிப் போனார். குடித்திருந்தார் என்றது ஊர். நாங்களும் அதையே சொன்னோம், அதுதான் சுலபமாக இருந்தது.

சின்னதாகவில்லை.

ஜனவரி 18, வியாழன்

நான் வேலை செய்யும் தண்ணீர் ஆய்வகத்தில் ஒரு குடுவை கைநழுவி உடைந்தது. சோதனைக்கு எடுத்த ஏரித்தண்ணீர் தரையெல்லாம். யாருக்கும்தான் நழுவும். போன மாதமும் ஒன்று நழுவியது. அதற்கு முன்? நினைவில்லை — கணக்கு வைக்கிற விஷயமா அது?

கிறிஸ்துமஸுக்கு டுலூத் நகரிலிருந்து கணவனோடு வந்த ஆனிகா, பாத்திரம் துடைத்துக்கொண்டே, கோடைக்குள் குழந்தை பெறுவது பற்றி முடிவெடுத்துவிடுவோம் என்றாள். நான் துணியை வாங்கி மிச்சத்தைத் துடைத்தேன். என் மகள் என்னிடம் இப்படி எதையும் சொல்வது அபூர்வம், நான் அவ்வளவுதான் செய்தேன்.

டெனிஸ் தன் கணக்கின் கடவுச்சொல்லைத் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றேன். யார் எதைத் திறந்தார்கள் என்று அந்தத் தளம் நினைவில் வைத்துக்கொள்ளும். மின்னஞ்சல் கேட்கும், பெயர் கேட்கும். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை, தெரிந்தால் மறுத்துவிடுவார்கள். என் பெயரும் அந்த நோயின் பெயரும் எங்கேயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

"நீ என்ன உளவாளியா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

ஊர் நூலகத்தில் அதே தளம் இலவசம். கட்டடத்துக்குள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். கணக்கு வேண்டாம், எழுந்து வந்தால் தடம் இருக்காது.

ஜனவரி 20, சனி

தடம் இருக்காது என்று எழுதியபோது ஹாரியட் லெஹ்டோவை மறந்துவிட்டேன். எண்பத்தெட்டு வயது. சனிக்கிழமைகளில் நூலகத்தின் வம்சாவளி மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறு பள்ளியில் எனக்குப் பாடம் எடுத்தவள். கணினித் திரை வாசலைப் பார்த்தபடி இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

"என்ன பொண்ணே, ராஜ வம்சமான்னு பாக்க வந்தியா? இங்க வர்றவங்க எல்லாருக்கும் அதுதான் வேணும். கடைசில எல்லாரும் மாட்டுக்காரன் பேரன்தான்."

சும்மா வந்தேன் என்றேன். யாரைத் தேடுகிறாய் என்று விடவில்லை. ரெய்னோ நிஸ்கலா என்றேன், ஹில்மாவைச் சொல்ல வாய் வரவில்லை.

"ரெய்னோவா! அவரு வாயத் தொறந்தாலே அதிசயம். எங்க பக்கத்துத் தெருதான். சாகற வரைக்கும் தன் அம்மா பேரைக்கூட அவரு சொல்லி நான் கேட்டதில்ல."

அரைமணி நேரம் வேறு யாரோ ஒரு குடும்பத்தின் பக்கத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 23, செவ்வாய்

வேலை முடிந்ததும் நேரே நூலகம். ஹாரியட் இல்லை. 1940 கணக்கெடுப்பில் எங்கள் தெருவின் பக்கங்களைத் திரையில் வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போனேன். கிடைத்துவிட்டது. ஏப்ரல் 1940. மட்டி நிஸ்கலா, குடும்பத் தலைவர், சுரங்கத் தொழிலாளி. ஹில்மா, மனைவி, வயது நாற்பத்தைந்து. ரெய்னோ, மகன், இருபது. கீழே இரண்டு பெண் பிள்ளைகள்.

வீட்டில் இருக்கிறாள். கணவனுக்குக் கீழே, பிள்ளைகளுக்கு மேலே. ஒரே ஆள் ஒரே மாதத்தில் வீட்டிலும் மருத்துவமனையிலும் இருக்க முடியாது. அங்கே இருப்பது வேறு ஹில்மா. நிஸ்கலா என்ற பெயருக்கா இந்த மாநிலத்தில் பஞ்சம்?

காருக்குள் உட்கார்ந்து டெனிஸைக் கூப்பிட்டேன். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் பேசினேன். தளம் காட்டுகிற குறிப்பையெல்லாம் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் அமுக்குகிறாயே, சந்தா கட்டினால் மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டுமா என்று திட்டினேன்.

"திட்டு. இன்னும் திட்டு. நல்லாருக்கு" என்றாள்.

ஜனவரி 24, புதன்

தூங்கினேன்.

ஜனவரி 29, திங்கள்

ஏதோ உறுத்துகிறது. மருத்துவமனைப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. வீட்டுப் பக்கம் கிடைத்ததும் எழுந்துவிட்டேன். ஆய்வகத்தில் யாராவது இப்படி ஒரே ஒரு குடுவைத் தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு ஏரி சுத்தம் என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவேனா?

வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. எதற்கு நோண்ட வேண்டும்?

ஜனவரி 30, செவ்வாய்

நோண்டினேன்.

வீட்டுப் பக்கத்தில் ரெய்னோ பெயருக்கு அருகில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அன்றும் கண்ணில் பட்டது, மை சிந்தியது என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டிலும் ஒருவர் பெயருக்கு அருகில் இருக்கிறது. அடுத்த வீட்டிலும். அந்த வருடத்துக் கணக்கெடுப்பாளர்களுக்கான விதிகளைத் தேடிப் படித்தேன், முதல் நாளே படித்திருக்க வேண்டியது. கதவைத் திறந்து தகவல் சொன்னவர் யாரோ, அவர் பெயருக்கு அருகில் அந்தக் குறி.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. மனநல மருத்துவமனையில் இருப்பவரை வீட்டில் எழுதக்கூடாது. ஆனால் வருகிறவர் அறை அறையாகப் போய்ப் பார்ப்பதில்லை. சொன்னதைத்தான் எழுதுவார்.

பிறகு மருத்துவமனைப் பக்கத்தைத் திறந்தேன். ஹில்மா நிஸ்கலா, நாற்பத்தைந்து, திருமணமானவர், பிறந்தது பின்லாந்து. ஐந்து வருடம் முன்பு எங்கே வசித்தார் என்று அந்த வருடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதில்: ஈலி. எங்கள் ஊர்.

இங்கே அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை. தேடினேன். கண் எரிகிற வரை தேடினேன்.

பிப்ரவரி 1, வியாழன்

டெனிஸிடம் சொல்லிவிட்டேன். நீ தப்புச் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்றேன். அவள் அழுதாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு, பிள்ளைகள் இல்லை. உன்னை நினைத்துத்தான் அழுகிறேன் என்றாள்.

அந்த இருபது வயதுப் பையன் ரெய்னோவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் அப்பா சுரங்கத்தில். தங்கைகள் பள்ளியில். கோப்போடு ஓர் ஆள் வாசலில் நின்று, வீட்டில் யார் யார் என்று கேட்கிறான். ரெய்னோ வரிசையாகச் சொல்கிறான், தடுமாறாமல், அம்மா, நாற்பத்தைந்து. எழுதுகிறவன் எழுதிக்கொள்கிறான். அடுத்த வீட்டுக்குப் போகிறான்.

ரெய்னோ தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே கல்யாணம் செய்தார். தெரிந்தே அப்பாவைப் பெற்றார். பரம்பரையாக வரும் என்று தெரியுமா? அது தெரியாமல் இருந்திருக்கலாம். கோபப்படவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆனிகா கூப்பிட்டாள். இன்று சொல்லிவிடுவது என்று காலையிலிருந்தே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"குரலே சரியில்லையேம்மா. எல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. சளி."

ஃபோனை வைத்தேன். நான் என்ன செய்தேன்? கதவைத் திறந்து, எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 17, சனி

டுலூத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். சொல்லாமல் போனதில்லை இதுவரை. கதவைத் திறந்ததுமே, "யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

காப்பிகூடக் குடிக்காமல் சொன்னேன். ஆய்வறிக்கை வாசிப்பதுபோல், தேதி வாரியாக. எனக்கு வேறு மாதிரி வராது. அவளுடைய கணவன் ஏதோ சாமான் வாங்கவேண்டும் என்று எழுந்து வெளியே போனான், நல்ல பையன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஒரு மாசம் தனியா இத வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணிட்டிருந்த?"

நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள், உடனே அழுதாள். நானும்.

பிறகு ரெய்னோ தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பொய்யை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்றேன்.

"இருபது வயசுப் பையன்மா. அம்மாவக் கணக்குல எழுதாம விட்டுடுவாங்கன்னு பயந்திருப்பான்."

எனக்கு அது தோன்றவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். இப்போதும் முழுதாக நம்பமுடியவில்லை. அவள் நம்பட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். அதற்கு முன் ஆலோசகர், முடிவு தெரியாமலேயே வாழ்வதும் ஒரு வழிதான் என்றார். ஆனிகா அந்த வழியில்தான் இருக்கிறாள், இப்போதைக்கு. அவள் உரிமை. எனக்குத் தெரிய வேண்டும், என் குணம் அப்படி. வீடு வந்ததும் பாட்டு கேட்க முடியவில்லை, படிக்க முடியவில்லை. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆனிகா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் உறையைப் பிரிப்பதற்கு முன்பே, எனக்கும் இருக்கிறது என்று அவர் முகத்தில் தெரிந்துவிட்டது.

மே 19, ஞாயிறு

பனி உருகி ஏரி திறந்துவிட்டது. காலையில் ஆனிகாவும் கணவனும் வந்தார்கள். டுலூத்தில் அவர்கள் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வருகிறதாம், படம் காட்டினாள். யோசிக்கலாம் என்றேன், வேலையை விடுவதாக இன்னும் இல்லை என்றேன். "யாரும்மா இப்ப உன்ன விடச் சொன்னா?" என்றாள். சமையலறை ஜன்னல் சின்னது. நடைவழி அகலம், சக்கரம் வைத்த எதுவும் போகும். குழந்தை பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசல் படத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தேன். பனி உள்ளே வராமலிருக்க இந்தப் பக்கம் எல்லாரும் வாசலைப் படி வைத்து உயர்த்தித்தான் கட்டுவார்கள். இந்த வீட்டில் ஒரு படிகூட இல்லை.