உன் பேரில் ஓடிய பேந்தர்

அலுவலகம் விட்டு வரும்போது மண்ணூர்பேட்டையில் ஒருவர் ஷேர் ஆட்டோவில் ஏறி, என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சட்டையில் கூலன்ட் எண்ணெய் வாசனை. லேத் பட்டறையில் நாள் முழுக்க நிற்பவர்களை எந்தச் சோப்புப் போட்டாலும் விடாத வாசனை. உன் வாசனை. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன், வந்தது கோபம். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உன்னை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இன்னமும் அதுதான். மற்றவர்கள் செத்துப்போன சிநேகிதனை நினைத்து உருகுகிறார்கள். நான் பல்லைக் கடிக்கிறேன். அதை உன்னிடமே சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

நாம் பழகியதே சண்டையில்தான். நான் தென்காசியிலிருந்து வந்து நூம்பலில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறிய புதிது. தெரிந்த முகம் ஒன்று கிடையாது. பொழுது போகாமல் போனில் டாங்குச் சண்டை விளையாட்டு ஒன்றை இறக்கிவைத்திருந்தேன். பக்கத்துக்கு ஏழு பேர், ஆளுக்கு ஒரு டாங்கு, எதிரியின் டாங்குகளை உடைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஒரு நாள் நான் குடுகுடுவென்று முன்னால் ஓடி எதிரிகளுக்கு நடுவில் போய் நின்றுவிட்டேன். காதுக்குள் ஒரு குரல் சீறியது: "யோவ், யார்யா அது? சந்தைக்கா வந்துகீற? ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு!" எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்துபோகிற இடத்தில் அப்படி ஒரு தமிழ். நான் ரிவர்ஸ் எடுப்பதற்குள் செத்துப்போனேன். ஆட்டம் முடிந்ததும் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சேக்காடு என்றாய். நான் நூம்பல் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாய். "அட மாமே, கூப்ட்ற தூரத்துல கீற. நாளைக்கு மண்ணூர்பேட்ட வா, டீ சாப்டுகினே உன்ன திட்றேன்." மறுநாள் வந்தேன். சொன்னபடியே திட்டினாய்.

உன் டாங்கு பேந்தர். ஜெர்மன்காரர்களின் நடுத்தர டாங்கு. நடுத்தரம் என்பது பேருக்குத்தான், ஆள் எருமை. திரும்பச் சொன்னால் யோசித்துத்தான் திரும்பும். ஆனால் பீரங்கி நீளம், எத்தனை தூரத்தில் இருந்தாலும் வைத்த இடத்தில் குண்டு போய் விழும். முன்பக்கத் தகடு கனமாக, சாய்வாக இருப்பதால் எதிரி சுட்டது பாதி வழுக்கிக்கொண்டு போய்விடும். விலாப்பக்கம் மட்டும் அப்பளம். "மூஞ்சிய காட்டு மாமே, வெலாவ காட்டாத" என்று நீ சொல்லாத ஆட்டம் இல்லை. உன் பேச்சைக் கேட்டு நானும் ஒரு பேந்தர் வாங்கினேன்.

உன் அப்பா ஆவடியில் டாங்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிஜ டாங்கு உறுமுகிற சத்தம் கேட்டு வளர்ந்தவன் நீ. "உள்ளூர் டாங்க விட்டுட்டு ஜெர்மன்காரன் வண்டி உனக்கு எதுக்குடே?" என்று கேட்டால், "அத்த பத்தி நைனா பேசிப் பேசி காது புளிச்சிபோச்சி. வெளையாட சொல்லோவும் ட்யூட்டி பாக்கணுமா?" என்பாய். பேந்தருக்குள் இருக்கும் ஐந்து ஆட்களுக்கும் வாயில் நுழையாத ஜெர்மன் பேர். நீ அவர்களுக்கு உன் தெருக்காரர்களின் பேரைச் சூட்டியிருந்தாய். ஓட்டுபவன் முனுசாமி, சுடுபவன் கன்னியப்பன். குறி தவறினால், "கன்னியப்பா, கண்ணாடிய மாத்துடா!" என்று நீ போடும் கூச்சலில் உன் வீட்டம்மா சமையலறையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்கும்.

அப்புறம் அவன் வந்தான். அவன் பேரைச் சொல்ல எனக்கு மனசில்லை. எல்லோரும் கமாண்டர் என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பூந்தமல்லிக்காரன். நம் பக்கத்து ஆட்களாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரு குழு கட்டினான், நம்மையும் இழுத்துப் போட்டான். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. போட்டி நாளில் யாராவது வர முடியாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. அதனால் எல்லோரும் தங்கள் பாஸ்வேர்டைக் கமாண்டரிடம் கொடுத்துவைக்க வேண்டும். வராதவன் பேரில் உள்ளே போய் அந்த டாங்கைக் கமாண்டர் ஓட்டுவான். வெளியாட்கள் கேட்டால் காறித் துப்புவார்கள். நமக்கு அது பெருமையாக இருந்தது. இந்த டாங்கு இல்லாமல் குழு இல்லை என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், நாம் சாவியை எடுத்து நீட்டிவிடுவோம். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அலுவலகத்தில் புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிற நானும் நீட்டினேன்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரியும் டயாலிசிஸுமாக அலைந்தாய், கடைசியில் அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள். ஒரு கையில் ஊசி. மறுகையில் போன். நான் பார்க்க வந்த அன்று குழந்தை மாதிரி முறையிட்டாய்: "மாமே, உள்ள வுட மாட்டேங்குது. பாஸ்வேர்டு தப்புன்றான்." ஒரு கையால் எப்படிச் சண்டை போடுவாய் என்று கேட்டேன். "ஓட்ட எல்லாம் வோணாம்பா. கராஜ்ல நிக்கும் பாரு, ஒரு வெரலால தள்ளுனா சுத்திச் சுத்திக் காட்டும். அத்த பாத்துகினு கெடந்தா நேரம் பூடும்." நீ கேட்டது அவ்வளவுதான். உன் டாங்கை ஒரு விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

வராந்தாவுக்கு வந்து கமாண்டரைக் கூப்பிட்டேன். பாஸ்வேர்டை மாற்றியது அவன்தான். ஒளிக்கவும் இல்லை. "டோர்னமென்ட் ஓடிகினு கீது ப்ரோ. ஒரு பேர்ல ஒரு ஆளுதான் இருக்க முடியும். நடுவுல அவரு உள்ள வந்தா நான் வெளில வுழுந்துருவேன். முடியட்டும், குடுத்துடறேன்." நீ சும்மா பார்க்கத்தான் கேட்கிறாய் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன், ஞாபகம் வைத்துக்கொள். அவன் சொன்னான்: "ஆஸ்பத்திரில படுத்துகினு இன்னா ஓட்டப் போறாரு? ரெஸ்ட் எடுக்க சொல்லு ப்ரோ."

உள்ளே வந்து, சீக்கிரம் தந்துவிடுவானாம் என்று உன்னிடம் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது உன் போனின் முகம் சுக்குநூறாக இருந்தது. "கடுப்புல செவுத்துல கடாசிட்டேன் மாமே, அவன் மூஞ்சின்னு நெனச்சிகினு" என்று சிரித்தாய். அதுதான் நான் பார்த்த உன் கடைசிச் சிரிப்பு. போட்டி முடிவதற்குள் நீ முடிந்துவிட்டாய்.

குழுவில் செய்தி போட்டேன். கமாண்டர் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவைத்தான். உன்னை எரித்துவிட்டு வந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் போனில் ஆட்டத்தைத் திறந்தேன். உன் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. 'களத்தில் இருக்கிறார்' என்று போட்டிருந்தது.

அன்றைக்கு எனக்குள் ஏறிய விஷம் இன்னும் இறங்கவில்லை. விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் கொடுத்தால், பாஸ்வேர்டைப் பகிர்ந்த குற்றத்துக்கு உன் கணக்கையே இழுத்து மூடிவிடுவார்கள். அதனால் நானே வேட்டைக்குக் கிளம்பினேன். பேரை மாற்றிக்கொண்டேன். அவன் உன் பேரில் ஆட வரும் நேரம் பார்த்து, அவன் ஆட்டத்துக்குள் நுழையும் அதே நேரத்தில் நானும் நுழைவேன். வாய்த்தால் எதிர்ப் பக்கத்தில் விழலாம். பல நாள் வாய்க்கவில்லை. ஒரு சாயங்காலம் வாய்த்தது. ஒரு கிடங்கின் மூலையில் உன் பேந்தர் தேமே என்று விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. நீ ஓட்டினால் அப்படி நிற்குமா? அடித்தேன். திரும்புவதற்குள் இன்னொன்று. பற்றி எரிந்தது. ஆஹா என்று நான் கத்தி வாய் மூடவில்லை, திரையில் எழுத்து வந்தது: என்னால் அழிக்கப்பட்டவர் என்று உன் பேர். அவனுக்கு ஒரு கீறலும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டான். இந்த வழியில் எத்தனை முறை பழி வாங்கினாலும் சாகப்போவது நீதான் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதற்குப் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். அவன் மாற்றியது பாஸ்வேர்டை மட்டும். கணக்கோடு சேர்ந்த போன் நம்பர் உன்னுடையதுதான். அந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரவழைத்துப் புது பாஸ்வேர்டு போட்டுவிட்டால் அவன் கதை முடிந்தது. ஆஸ்பத்திரியில் நீ கேட்ட அன்றே இது தோன்றியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. உன் வீட்டுக்கு வந்தேன்.

உன் வீட்டம்மா முதலில் என்னை நிற்கவைத்தே பேசினார். "சிம்மு கீது ண்ணா. கேஸ் சிலிண்டர் மெசேஜி அதுலதான் வருது, அதான் வெச்சிகீறேன். உங்களுக்கு இன்னாத்துக்கு?" சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "பேசாதீங்க ண்ணா அந்தப் பாழாப்போன வெளையாட்ட பத்தி. படுத்த எடத்துலயும் இத்தான் கேக்குதான்னு ஒரு வார்த்த கேட்டேன். போன தூக்கி செவுத்துல அடிச்சாரு. அதுக்கப்றம் என்கிட்ட சரியா மூஞ்சி குடுத்தே பேசல. அந்தக் கோவத்தோடவே பூட்டாரு."

உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாஸ்வேர்டை மாற்றியது, வராந்தாவில் நான் கெஞ்சியது, அவன் சொன்ன பதில், போனை எந்த மூஞ்சி என்று நினைத்து எறிந்தாய் என்பது. அவர் இரண்டு தடவை கேட்டார்: "நெஜமாவா? அவரு வாயால சொன்னாரா?" சத்தியம் பண்ணினேன். எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். சிம் போட்டிருந்த சின்ன போனை எடுத்துக்கொண்டு வந்தார். "அந்தாளு எப்ப ஆடுவான்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கமாண்டரின் குழுவுக்கு ஒரு இறுதிப் போட்டி. உன் பேந்தரை நம்பித்தான் இறங்கியிருந்தான். உன் வீட்டுக் கூடத்தில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் சூடு பிடிக்கும்வரை காத்திருந்தேன். இரண்டு பக்கமும் பாதி டாங்குகள் போன பிறகு ஓ.டி.பி. கேட்டேன். சின்ன போன் சிணுங்கியது. அவர் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். புது பாஸ்வேர்டை அவரையே அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும், நடந்துகொண்டிருந்த ஆட்டம் தானாகத் திறந்தது. கமாண்டர் வெளியே விழுந்துவிட்டான்.

உன் டாங்கு ஒரு சந்தில் நின்றிருந்தது. என் விரல் தானாக அதைத் திருப்பப் போனது. "வோணாம் ண்ணா" என்று என் கையைத் தட்டிவிட்டார் உன் வீட்டம்மா. "நிக்கட்டும்."

குழுவில் இருந்த பையன்கள் "பேந்தர், மூவ் பண்ணு, மூவ் பண்ணு" என்று கத்தினார்கள். நடுவில் கமாண்டரின் குரல். வேறு யாருடைய பேரிலோ திரும்பவும் புகுந்திருந்தான். "எவன்டா அது? யார்டா உள்ள கீறது?" நான் மைக்கைத் திறந்தேன். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் அவரோட பொண்டாட்டி பேசறேன். ஆஸ்பத்திரில படுத்துகினு இன்னா ஓட்டப் போறாருன்னு கேட்டியாமே? இப்ப நீ ஓட்டு, பாக்கலாம்."

எதிரி டாங்கு ஒன்று நிதானமாக விலாப்பக்கம் வந்து நின்று அடித்தது. பேந்தர் எரிந்தது. மிச்சம் இருந்தவர்களும் வரிசையாகப் போனார்கள். தோற்றான். அப்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

போனை மூடிவைத்தேன். "அப்போ அவருக்கு என் மேல கோவம் இல்லதான ண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். "உன் மேல ஒரு துளி கூட இல்ல தங்கச்சி" என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கமாண்டரைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. அந்தக் குழு அந்த வாரமே கலைந்தது. போன மாதம் அவனிடமிருந்து செய்தி: "ப்ரோ, பண்ணது தப்புதான். புது டீம் கட்டறேன், நீ வரணும். பழசெல்லாம் மறந்துடலாம்." நான் பதில் போடவில்லை. அவன் யார் யாரைச் சேர்க்கிறான் என்று பார்த்து, சேருகிற ஒவ்வொருவனுக்கும் தனியாக எழுதுகிறேன்; உன் கதையை, அவன் வராந்தா பதிலோடு. புது டீமில் இன்றுவரை ஏழு பேர் தேறவில்லை. இனியும் தேற விடமாட்டேன்.

நீ இருந்தால் இதைக் கேட்டுவிட்டு, "வுட்டுத் தொல மாமே, பாவம்" என்று சொல்லியிருப்பாய். பட்டறையில் உன் விரலை மெஷினில் நசுக்கியவனுக்கே டீ வாங்கிக் கொடுத்தவன்தானே நீ. நீ சொல்லியிருந்தால் நானும் முணுமுணுத்துக்கொண்டே விட்டிருப்பேன். சொல்வதற்கு நீ இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவனை விடாமல் இருக்கிறேன்.