உளவாளி கதையில் ஒரு குப்பம்

செவ்வாய்க்கிழமை, இரவு. திண்டிவனம்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. பள்ளி நாட்களில் வாரப் பத்திரிகையில் வந்த உளவாளித் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். எத்தனை முறை படித்தேனோ. அதை மருமகள் செல்விக்குக் கொடுத்தேன். அவள் பொம்மையார்பாளையத்துப் பெண். அவள் அப்பா இன்றும் கடலுக்குப் போகிறவர். கதை நடப்பதும் கடலோரக் குப்பத்தில்தான். ரசிப்பாள் என்று நினைத்தேன்.

காலையில் திருப்பிக் கொடுத்தாள். "கதை ஜோரா ஓடுது மாமா. ஆனா எங்க ஆளுங்க பக்கத்துக்குப் பக்கம் உதை வாங்கிக்கினே இருக்காங்க. ஒருத்தருக்காவது பேர் வெச்சிருக்காரா பாருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

விழுப்புரம் போகும் ரயிலில் நண்பன் குமாரிடம் சொன்னேன். அவனும் இந்தக் கதைகளில் ஊறியவன். "அந்தக் காலத்துல அப்பிடித்தான் எழுதுவாங்க. இதுக்குப் போயி கோச்சிக்கினு இருக்கியே!" என்றான்.

என்ன பெரிய அந்தக் காலம்? அந்தக் காலத்தில் குப்பத்துப் பிள்ளைகளைப் பெயர் வைக்காமலா வளர்த்தார்கள்? கத்தியே கேட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். 'முரடன்.' 'கறுத்த தடியன்.' 'மீன் நாற்றம் வீசிய ஒருவன்.' குண்டடி பட்டுச் சாகிறவனுக்குக்கூடப் பெயர் இல்லை.

குப்பத்துக்கு மோப்பம் பிடித்து வருகிற கதாநாயகனின் நாய்க்கு இருக்கிறது. சீசர். அந்தப் பெயரை மட்டும் இத்தனை வருடமாக நான் மறக்கவே இல்லை.