மிச்சக் கதை கேட்க நாலு பேர்

அன்பு மகள் சாரூலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அல்தாய் மலையடியில் நானும் அப்பாவும் சுகம், ஆடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன, கோடை குறையில்லாமல் போகிறது. அங்கே அயர்லாந்தில் உனக்கும் மழையும் காற்றும் ஒத்துக்கொண்டு கோடை நல்லபடியாகக் கழிய வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், சிக்னலும் குன்றின் மேல் ஏறினால்தான் கிடைக்கிறது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. கூடாரத்தின் மேல் காயவைத்த தயிர்க்கட்டிகளைப் பருந்து தூக்கிக்கொண்டு போகிறது என்று அப்பா பகலெல்லாம் கம்போடு காவல் நிற்கிறார். இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ வகுப்பில் பேசியதை உன் தோழி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள் அல்லவா, நீலச் சட்டை போட்டுக்கொண்டு அத்தனை நாட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நம் கதைப்பாடகன் போர்ஹூவின் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டாயே, உன் ஆங்கிலம் எனக்கு ஒரு வரி புரியவில்லை, ஆனாலும் மூன்று முறை பார்த்தேன். பெருமை தாங்காமல் போனை எடுத்துக்கொண்டு அவன் கூடாரத்துக்கே போய்விட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். போர்ஹூ கையில் குதிரைப்பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "தொல்கோர், இங்க வாடி, உன் புருஷன் அயர்லாந்துல பாடறான் பாரு" என்றான். அவள், "கடல் தாண்டியாவது கேக்கறாங்களே, விறகு பொளக்கச் சொன்னா உனக்குத்தான் காது கேக்காது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கதையில் வீரன் கறுப்பு ஆற்றில் குதிரையை இறக்குகிறான், தண்ணீர் சேணம்வரை ஏறுகிறது, அந்த இடத்தில் நீ நிறுத்திவிட்டாய். எல்லோரும் கை தட்டுகிறார்கள். போர்ஹூ காத்திருந்தான். "மிச்சம் எங்க டீச்சர்?" என்றான். அவளுக்கு இருபது நிமிஷம்தான் கொடுத்தார்களாம் என்றேன். அவன் கிண்ணத்தைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன குளிர்காலத்தில் அவன் பாடி நீ பதிவு செய்தபோது, முதலில் அல்தாய் மலைக்குத் துதி, பிறகு கதை, ஏறக்குறைய நாலு மணி நேரம். மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர்கூட முடியும்வரை எழுந்திருக்கவில்லை, வெளியே அவர் வண்டியின் என்ஜின் உறைந்துபோனது. தொடங்கிய கதையைப் பாதியில் அறுத்தால் பாடினவனுடைய ஆயுளும் அங்கே அறுபடும் என்று உன் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய், பிழை திருத்தினவள் நான். பாடினால்தான் அந்தக் கட்டுப்பாடு, பதிவுக்கு இல்லை என்று நினைத்துவிட்டாய். நான் எழுதிய இந்தக் கடிதத்தை யாரோ கடைத்தெருவில் பாதி படித்துக் காட்டினால், அது அம்மா பேச்சில்லை, வெறும் தாள் என்று உன்னால் சொல்ல முடியுமா? அவனுக்கு அவன் குரல் எங்கே ஒலித்தாலும் அவன் குரல்தான்.

நான் போனைக் காட்டிய ஒன்பதாம் நாள் அவன் குதிரை மர்மோட் அணில் தோண்டிய வளையில் கால் வைத்து விழுந்தது. அவனுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது, விலாவில் இரண்டு எலும்பு முறிவு. வருகிற வியாழக்கிழமைக்குள் கத்தி வைக்காவிட்டால் கால் மடங்காது, குதிரை ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று மாகாண ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார். போர்ஹூ போகமாட்டேன் என்றுவிட்டான். "கதை ஆத்து நடுவுல நிக்குது டீச்சர், என்னை மயக்கம் கொடுத்துப் படுக்க வச்சா நான் எந்தக் கரையில எழுந்திருப்பேன்?" வருஷத்துக்குப் பத்துக் குதிரை அந்த வளைகளில் விழுகிறது, அவையெல்லாம் கதையையா அறுத்தன என்று கேட்டேன். விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அஞ்சாங் கிளாஸ்ல மணி அடிச்ச பிறகும் வகுத்தல் கணக்கு முடியாம எங்களை வெளிய விடமாட்டீங்களே, உங்க பொண்ணு மணிக்கு முன்னாலயே எழுந்துட்டாளே" என்றான். மிச்சத்தை அவனே பாடித் தீர்க்கலாம் என்றால் அந்த அடிக்குரலுக்கு இழுக்க மூச்சு இல்லை, அறுத்த இடத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றும் பிடிவாதம்.

வெளியே வந்ததும் தொல்கோர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாரூல் மிச்சத்தையும் முடிச்சிட்டாள்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர், நீங்க சொன்னா நம்புவார், நான் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பார்" என்றாள். சாரூல், முப்பத்தொரு வருஷம் காப்பி அடித்த பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினவள் நான். மறுநாள் போய், சாரூல் ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தையும் கேட்க வைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவன் என் முகத்தையே பார்த்தான். "கடைசிவரை யார் யார் உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டான். நாலு பேர் என்று வாயில் வந்தது. "நாலு பேர் போதும், பேர் என்ன?" என்றான். வெளிநாட்டுப் பெயர் என் நாக்கில் நிற்காது, சாரூல் எழுதி அனுப்புவாள் என்றேன். நேற்றுக் காலை ஜீப்பில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். பக்கத்துக் கட்டில்காரரிடம், அயர்லாந்தில் நாலு பேர் முழுக்கக் கேட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம்.

உன்னை நம்பச் சொல்லவில்லை, நானே எதை நம்புகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் கத்தி வைப்பது உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். ஆனால் அவன் என் சொல்லை நம்பித்தான் அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறான், அந்தச் சொல் பொய். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கத்தி, அதாவது உனக்குப் புதன்கிழமை மாலைக்குள் காரியம் முடிய வேண்டும். பேராசிரியரிடம் நேரம் கேட்டு நிற்காதே, மதிப்பெண் இல்லாத வேலை இது. அறைத்தோழி, சமையல்காரர், பஸ் ஓட்டுகிறவர், யாராக இருந்தாலும் சரி, நாலு பேரை உட்கார வை. ஆற்றில் இறங்குகிற இடத்திலிருந்து தொடங்கு. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிடு, சிறுநீர் கழிக்கப் போகிறவர்கள் முன்னாலேயே போய் வரட்டும், வயிற்றுக்கு ஏதாவது கொடு, நடுவில் யாரும் எழாமல் பார்த்துக்கொள். மொழி புரியவில்லை என்பார்கள், பரவாயில்லை, புரியாமலே உட்கார்ந்திருக்கச் சொல். உன்மேல் பாதிக் குற்றம் என்றால் போனைத் தூக்கிக்கொண்டு போன என்மேல் மீதி, இதை மனதில் வைத்துக்கொண்டு அழாதே.

அப்பா உன் தலையை முகர்ந்ததாகச் சொல்லச் சொன்னார். தினமும் காலையில் முதல் பாலை மேற்குப் பக்கமாக உனக்காகத் தெளிக்கிறேன், உன் வழி வெண்மையாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் போட்டுக்கொள். முடிந்ததும் பெயர்களை உன் கையெழுத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பு. அந்த நாலு பேரை நான் இட்டுக்கட்டிவிட்டேன், பெயர்களை நீ இட்டுக்கட்டாதே.

உன் அம்மா,
செவெல்மா