பாண்டியம்மா கையும் உன் டிரைவரும்

என் பிரியமான ஏட்டி எஸ்தர்,

ஆபீஸ் விஷயத்தை எழுதும்போது "ஏட்டி" என்ன ஏட்டி என்று முறைப்பாய். இராஜபாளையத்தில் நாம் வாடகைக்குப் பிடித்த இரண்டு அறை, அதுதானே நம் ஆபீஸ்? இன்னும் அங்கேதான் இருக்கிறேன். உன் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த தேவிக்கு அது தெரியாது, உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை.

ஜோவிதா நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் கூட்டி வருகிறார். சாப்பாடு என் வீட்டில்தான். உன் மகள் உன்னை மாதிரியேதான். எம்புட்டு வைத்தாலும் மீன் வால் துண்டுக்குச் சண்டை.

இன்று எழுதுவது வேறு ஒன்றுக்காக. பேண்டேஜ் கம்பெனிக்கு நாம் செய்துகொடுத்த கண்ட்ரோலரைத்தான் சொல்கிறேன். துணி வெட்டும் பிளேடு பக்கம் கை போனால், சென்சார் ஒரு இண்டரப்ட் அனுப்பும். பார்த்துக்கொண்டிருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு என்னைக் கவனி என்று பிராசஸரை உலுக்குகிற சிக்னல். அதை வாங்கிப் பிரேக் போடுகிற டிரைவர் புரோகிராம் நீ எழுதியது. நீ போன பொறவு அந்த ஃபைலை நான் திறக்கவே இல்லை. வரிக்கு வரி நீ பேசுகிற மாதிரி இருக்கும். எப்படித் திறப்பேன்?

சமீபத்தில் கம்பெனி முதலாளி, எத்தனை பீஸ் வெட்டியது என்று காட்ட ஒரு ஸ்கிரீன் கேட்டார். வாங்கிய இடத்திலேயே அதற்கு டிரைவரும் கொடுத்தார்கள். மாட்டினோம், ஓடியது. ஒரு நாள் மத்தியானம், மெஷின் ஓட்டுகிற பாண்டியம்மா மடிந்த துணியை நீவிவிடக் கையை நீட்டினார். பிளேடு நின்றது. ஆனால் பிந்தி நின்றது. விரல் நுனியில் தையல் போட வேண்டியதாயிற்று.

நான் போனபோது வேறொரு பெண்ணை அதே மெஷினில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். "இறந்துபோனவுக எழுதுனதுதானம்மா? அதுல ஏதாச்சும் கோளாறு இருக்கும். எப்பயாச்சும் ஒரு தடவைதான பிந்துது? ஆர்டர் போகட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் முதலாளி.

"அந்த ஒரு தடவை யாரு கைன்னு சொல்லிருங்க, ஓட்டுவோம்" என்று ஃபியூஸைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? இதையேதான், இன்னும் சத்தமாக.

வந்ததும் உன் ஃபைலைத் திறந்தேன். தப்பு உன்னுடையதாக இருந்துவிட்டால்? ஆனால் உன் டிரைவர் அம்புட்டு அழகாக இருந்தது. சிக்னலை வாங்கு, பிரேக்கைப் போடு, கணக்கு எழுதுகிற வேலையைச் சாவகாசமாக ஓடுகிற டாஸ்க்கிடம் தள்ளிவிடு, கிளம்பு. அவ்வளவுதான். ஸ்கிரீன்காரர்களின் டிரைவரோ, இண்டரப்டுக்கு உள்ளேயே உட்கார்ந்து முழுத் திரையையும் வரைந்துகொண்டிருந்தது. எது முதலில் ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிற கெர்னலில் இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை. அதனால் அது வரைந்து முடிக்கிற வரைக்கும், பாண்டியம்மா கைக்காக வந்த உன் இண்டரப்ட் வாசலில் காத்து நின்றிருக்கிறது.

ஏட்டி, சென்சாருக்குத்தான் முதல் முன்னுரிமை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? அப்போது வேறு இண்டரப்டே இல்லை, தேவைப்படவில்லை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் வாய்விட்டு ஏசினேன். தேவி ஓடி வந்தாள்.

"யாரையக்கா ஏசுதீங்க?"

"எஸ்தரை."

போய் டீ வாங்கி வந்தாள். நல்ல பொண்ணு. உனக்குப் பிடித்திருக்கும்.

அந்த ஒரு வரியை நான் எழுதினேன். திரை வரைகிற வேலையைத் தனி டாஸ்க்காக்கினேன். கெர்னலைக் கேட்காமலே பிரேக்கைப் போட, சென்சாரிலிருந்து நேராக ஒரு வயரும் இழுத்தேன். உன் டிரைவரை நம்பாமல் இல்லை. கை விஷயம், எஸ்தர். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, உன் டிரைவரை மட்டும் வைத்து, துணிச் சுருளை நீட்டி நீட்டி ஒரு நாள் பூராவும் பார்த்தோம். ஒரு தடவைகூடப் பிந்தவில்லை.

வயரையும் மாட்டிய பிறகு பாண்டியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். கட்டுப் பிரித்த விரலோடு வந்தார். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரி தாயி. மொதல்ல நீ கைய வையி."

கேட்கத்தானே செய்வார்? முதலாளி "வேணாம்மா" என்றார். நான் நீட்டினேன். பிளேடு அப்படியே நின்றது. பாண்டியம்மா செத்த நேரம் என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வயர்தான் முந்தியிருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் நிறுத்தியது நீதான் என்று வைத்துக்கொண்டேன்.

சத்தியம் பண்ணக் கூடாதென்பாய், அதனால் வாக்கு. இனிமேல் எந்த டிரைவரையும், நீ எழுதியதோ நான் எழுதியதோ, பக்கத்தில் ஓடும் மற்றதோடு சேர்த்து ஓட்டிப் பார்க்காமல் ஒரு மெஷினும் நம் வாசலைத் தாண்டாது. முதல் கை என்னுடையதாகத்தான் இருக்கும்.

உன் ஜோவிதாவின் சித்தி,
செண்பகம்