வலப்பக்கத்து ஏற்றம்

சாட்ஸ்வொர்த், கலிபோர்னியா
1960 ஆகஸ்ட் 24, புதன்கிழமை

அன்புள்ள கார்லண்ட்,

இடுப்பு மாவுக்கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை என்று நீ புலம்புவதாக உன் மனைவி மேவிஸ் போனில் சொன்னாள். அரித்தால் எலும்பு கூடுகிறது என்று அர்த்தம். எனக்கு நான்கு முறை உடைந்திருக்கிறது. அதில் மூன்று உனக்காக.

நம் குதிரை பிஸ்கட் நலம். திங்களன்று நம் டிவி தொடரின் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. உன் ஷெரிப் வேடத்துத் தொப்பியும் கோட்டும் என் மேல்தான் இருக்கின்றன. என் முதுகை வைத்தே மூன்று வாரக் கதையை ஓட்டிவிடலாம் என்கிறார் தயாரிப்பாளர் ஸ்லோன். "என்ன ஷெரிப், மூஞ்சியத் திருப்பினா ஜனங்க டிவிய அணைச்சிருவாங்களா?" என்று குதிரைக்காரன் லூப்பே கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆறு வருடமாக உனக்குப் பதிலாகக் குதிரையேறிவிட்டு இப்படித்தான் சிரிக்கிறேன். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பிஸ்கட்டின் பெயர் வருகிறது, என் பெயர் இல்லை. குதிரை மேல் பாய்ந்து ஏறுவது கார்லண்ட் புரூயிட்டேதான் என்று பத்திரிகைகளில் போட்டார்கள், நீ மறுக்கவில்லை. ஓக்லஹோமாவிலிருந்து என் அம்மா எழுதினாள்: "அந்தப் பையன் எவ்வளவு அழகா குதிரையேறுறான், பாத்துக் கத்துக்கோடா." அவள் பார்த்தது என் முதுகை. அந்தக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, நீ விருந்தினராகப் போயிருந்த நெப்ராஸ்கா திருவிழா மைதானத்திலிருந்து எனக்குப் போன் செய்தாய். "ஆர்வல், இந்த ஊர்க் குதிரை ஒண்ணக் குடுத்திருக்காங்க. ஜனங்க நான் பாஞ்சு ஏறணும்ங்கறாங்க. எப்பவும் போல ஏறிரலாம்ல?" என்றாய்.

எப்பவும் போல. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. எப்போதும் ஏறியவன் நான். நீ பெட்டி மேல் கால் வைத்துச் சேணத்தில் உட்கார்ந்த பிறகுதான் கேமரா உன் பக்கம் வரும்.

நான் வலப்பக்கமாக ஏறுவது கேமராவுக்காக. குதிரையின் உடம்பு என் முகத்தை மறைக்க வேண்டும். அதற்காகவே பிஸ்கட்டை நானும் லூப்பேயும் ஐந்து மாதம் பழக்கினோம். மற்றக் குதிரைகளுக்கெல்லாம் இடப்பக்கம்தான் பழக்கம். பழகாத பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்தால் மிரண்டு தூக்கியடிக்கும். பண்ணைப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. சிகாகோவில் செருப்புக்கடையில் வளர்ந்த உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

"டிவில வர்ற மாதிரியே ஏறு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

கீழே விழட்டும், நாலு பேர் சிரிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எலும்பு வரை நினைக்கவில்லை.

நீ குடித்துவிட்டு ஏறினாய் என்று இங்கே பேச்சு. உன் ஒப்பந்தத்தில் குடியைப் பற்றி ஒரு வரி இருக்கிறதாம். அதை வைத்து உன்னை நீக்கிவிடலாமாம். நீ இரண்டு வருடமாகத் தொடுவதில்லை என்று தெரிந்தும் பதினொரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். நேற்று ஸ்லோன் என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை, உன் இடத்துக்கு வரப்போகும் ஷெரிப்பின் தம்பியாக வசனம் பேசிக் காட்டச் சொன்னார். முகத்தோடு. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் பேசிப் பார்த்தேன். என் மனைவி நடீன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பேசற. கார்லண்டுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டா என்ன வசனம் வச்சிருக்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் வசனம் பேசப் போவதில்லை. மேலே எழுதியதைத்தான் ஸ்லோனிடம் சொல்லப் போகிறேன். ஆனால் அந்த அறைக்குள் போனதும் என் நாக்கு என்ன செய்யும் என்று எனக்கே நிச்சயமில்லை. அதனால் இதைத் தபாலில் சேர்க்கிறேன். கிழித்துப் போட்டுவிடாதே. திங்களுக்குள் ஸ்லோனிடமிருந்து உனக்குப் போன் வராவிட்டால், மேவிஸிடம் கொடுத்து இதை அவருக்கே அனுப்பச் சொல். முழுப்பெயர் போட்டிருக்கிறேன்.

சீக்கிரம் எழுந்து நட. வந்ததும் இடப்பக்கம் ஏறப் பழகலாம். நீ விரும்பினால் கடிவாளத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

ஆர்வல் ஜேம்ஸ் டீக்